ஓடாத காலை

நியூயார்க்கில் ஃபிரெடரிக் பேக்லண்ட் என்றொரு மனநல ஆய்வாளர் இருந்தார். தினமும் உடற்பயிற்சி செய்கிறவர்கள் ஒரு மாதம் அதை விட்டால் அவர்களுடைய தூக்கம் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினார். வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்கிறவர்களைத் தேடிப் போய், பணம் தருகிறேன், ஒரு மாதம் மட்டும் நிறுத்துங்கள் என்று கேட்டார். அவர்கள் மசியவில்லை. கடைசியில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் பயிற்சி செய்கிறவர்களை வைத்துத்தான் ஆய்வை நடத்த வேண்டியிருந்தது. 1970-ல் அந்தக் கட்டுரை வெளியானது. அவர்களுக்கே அந்த மாதத்தில் தூக்கம் கெட்டது, பதற்றம் கூடியது, யாராவது கூடவே இருந்தால் தேவலை என்று மனம் தவித்தது.

பணத்துக்கு மசியாத அப்படிப்பட்ட கால்களை, முழங்காலுக்குக் கீழே எலும்பில் விழும் ஒரு மயிரிழைக் கீறல் ஒரே நாளில் நிறுத்திவிடும்.

சென்னையில் பெசன்ட் நகர்க் கடற்கரையிலோ மெரினா காமராஜர் சாலையிலோ, கோவையில் ரேஸ் கோர்ஸிலோ ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் போய் நின்று பாருங்கள். வங்கி ஊழியர், பள்ளி ஆசிரியை, ஐ.டி. பொறியாளர், கடை வைத்திருப்பவர், பணி ஓய்வு பெற்றவர் என்று கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். ஓட்டம் இவர்களில் யாருக்கும் சோறு போடவில்லை. ஆனால் இவர்களுடைய நாள் அதில்தான் தொடங்குகிறது. அந்தக் கூட்டத்தில் எந்த வாரமும் சிலர் குறைவார்கள். குதிகால், முழங்கால், கணுக்கால், இடுப்பு என்று ஏதோ ஒன்று அவர்களை வீட்டில் உட்கார வைத்திருக்கும். கணைக்கால் எலும்பில் கீறல் விழுந்து நானும் அப்படி உட்கார்ந்திருக்கிறேன். வலியைவிடப் பெரிய தொந்தரவு, பழக்க தோஷத்தில் நாலரை மணிக்கு விழித்துக்கொள்ளும் உடம்புதான். எழுந்து போவதற்கு இடம் இல்லாமல் அது படுக்கையில் கிடக்கும்.

"பொழுதுபோக்குதானே, கொஞ்ச நாள் விட்டால் என்ன?" என்று கேட்பார்கள். அன்போடு கேட்கப்படும் கேள்விதான். ஆனால் இழப்பின் அளவு அதில் பிடிபடவில்லை. ஓட்டம் நின்றால் ஓட்டம் மட்டும் நிற்பதில்லை. அதோடு வாரத்தில் நான்கு நாள் பார்த்த முகங்கள் போகின்றன, ஓடி முடித்தபின் டீக்கடையில் நின்று பேசிய அரைமணி நேரம் போகிறது, ராத்திரி பத்து மணிக்குத் தானாக வந்த தூக்கமும் போகிறது. கிரிக்கெட் வீரருக்கு அடிபட்டால் மருத்துவர், பிசியோ, பயிற்சியாளர், மனநல ஆலோசகர் என்று ஒரு படையே அவரைச் சுற்றி நிற்கும். அவர் திரும்பி வருவதற்குத் தேதி குறிக்கப்பட்ட திட்டம் இருக்கும். ஆசைக்கு ஓடுகிறவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மருந்துச் சீட்டின் அடியில் ஒரு வரி: ஓடாதீர்கள். எதுவரை, அதற்குப் பதில் என்ன செய்யலாம், திரும்ப எப்படித் தொடங்குவது என்பதெல்லாம் அந்த வரியில் இருக்காது. அந்த வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மூன்று மாதத்தைக் கடக்கச் சொல்வது மருத்துவம் ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

எலும்புக்குள் நடப்பது

1855-ல் பிரஷ்யப் படையின் மருத்துவரான பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பார்த்து எழுதிவைத்தார். அடிபட்ட தடயம் எதுவும் இல்லை. ஆனாலும் ஊன்ற முடியவில்லை. ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895-ல். அதற்குப் பிறகுதான் அந்த வீக்கத்துக்குள் பாத எலும்பு முறிந்திருந்தது தெரியவந்தது. நாற்பது ஆண்டுகள் கண்ணில் படாமலே இருந்த முறிவு அது. இன்று ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறோம். ஓடுகிறவர்களுக்கு இது அதிகம் வருவது முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம் தடவினால் கையில் தட்டுப்படும் எலும்பில்.

இது விழுந்து அடிபட்டு வருவதில்லை. எலும்பு உயிருள்ள பொருள். தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டே இருக்கும். ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் 1892-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார். டென்னிஸ் வீரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருப்பதும், எடையற்று மிதக்கும் விண்வெளி வீரர்களின் எலும்பு மாதத்துக்கு மாதம் கரைவதும் இதனால்தான். பாரம் கூடும்போது முதலில் ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைத் தோண்டி எடுக்கின்றன. பிறகு வேறொரு வகைச் செல்கள் புதிய எலும்பை வைத்து நிரப்புகின்றன. தோண்டுவது சில வாரங்களில் முடிந்துவிடும்; நிரப்ப மாதங்கள் ஆகும். நடுவில் இருக்கிற அந்தக் காலத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். மாரத்தான் நெருங்குகிறது என்று தூரத்தைச் சட்டென்று கூட்டியவர்களுக்குச் சரியாக மூன்று நான்கு வாரம் கழித்து வலி எடுப்பது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

முன்னங்கால் நெடுகப் பரவலாக வலித்து, ஓடத் தொடங்கியபின் குறைந்தால், எலும்பை ஒட்டிய தசைப்பகுதியின் எரிச்சலாக இருக்கலாம். ஒரு விரலை வைத்து 'இதோ இங்கே' என்று காட்ட முடிந்தால், ஓட ஓட வலி ஏறினால், ராத்திரி படுத்திருக்கும்போதும் குத்தினால், அது எலும்பாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரே பெரும்பாலும் எதையும் காட்டாது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையில் திரும்ப ஓடப்போய்க் கீறலை முறிவாக்கிக்கொண்டவர்கள் உண்டு. சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்பதுதான் வழி. இடுப்பிலோ தொடை மடிப்பிலோ வலி எடுத்து, நொண்டாமல் நடக்க முடியவில்லை என்றால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. தொடை எலும்பின் கழுத்தில் விழும் கீறல் விலகிவிட்டால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும்.

நம் ஊரில் இந்தக் கட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தே தீரும். ஒன்று, எண்ணெய் போட்டு நீவிவிடுவது. மற்றது, புத்தூர்க் கட்டு. ஆந்திரத்தின் புத்தூர் பெயரைத் தாங்கிய பலகையைத் தமிழ்நாட்டில் பார்க்காத ஊர் குறைவு. எலும்பு விலகி நிற்கும் முறிவுக்கு உரிய வைத்தியமாக அது பெயர் பெற்றது. ஆனால் கணைக்காலில் விழும் இந்தக் கீறலில் எலும்பு பெரும்பாலும் விலகுவதில்லை. இழுத்துச் சேர்த்துக் கட்ட அங்கே எதுவும் இல்லை. நீவுவதோ நேரடியாகக் கெடுதல். ஆறிக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தக் கூடாது.

படுத்துக் கிடப்பதன் விலை

ஓய்வு என்றதும் நாம் கட்டிலைத்தான் நினைக்கிறோம். 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுள்ள ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய இதயத்தின் திறன் வெகுவாகச் சரிந்தது. முப்பது ஆண்டு கழித்து, 1996-ல், அதே ஐந்து பேரையும் கூப்பிட்டு மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட முதுமை அவர்களுடைய உடல்திறனைக் கெடுத்ததைவிட, இளமையில் படுத்த அந்த மூன்று வாரம் அதிகம் கெடுத்திருந்தது.

ஓட்டத்தை மட்டும் நிறுத்தி மற்றபடி நடமாடிக்கொண்டிருந்தால் கதை வேறு. நன்றாகப் பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று எட்வர்ட் காயில் குழுவினர் 1984-ல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார்கள். உடம்பு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் முதல் 21 நாளில் 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதக் குறைவோடு அது நிலைத்துவிட்டது. ஓட முடியாமல் இருப்பவர்கள் இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். எல்லாம் போய்விட்டது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற பயம் முதல் வாரத்திலேயே வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். எல்லாம் போய்விடுவதில்லை.

நீச்சல் குளம் இருக்கிற ஊரில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் காலின்மேல் விழும் பாரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. நெஞ்சளவில் மூன்றில் ஒரு பங்கு, கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான். இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, கால் தரையில் படாத ஆழத்தில் ஓடுவது போலவே கை கால் வீசுவதை அக்வா ஜாகிங் என்பார்கள். மருத்துவர் சரி என்றால் எலும்பு ஆறும் காலத்திலேயே இதைச் செய்யலாம். சலிப்பான வேலைதான், ஒரே சுவரைப் பார்த்தபடி முக்கால் மணி நேரம். ஆனாலும் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்லது என்பது ஒரு காரணம். மற்றொன்று, விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்ப இது ஒரு சாக்கு. ஓட்டம் போனாலும் ஓட்டத்துக்கு ஒதுக்கிய நேரம் கையைவிட்டுப் போகக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் தூக்கத்துக்கோ கைப்பேசிக்கோ போய்விட்டால், எலும்பு ஆறிய பிறகு அதை மீட்பதுதான் பெரும்பாடு. குளம் இல்லையா? தரையில் படுத்து இடுப்புத் தசைக்கும் வயிற்றுத் தசைக்கும் பயிற்சி, தோளுக்குப் பளு, வலி தராத தூரத்துக்கு நடை, எதுவாகவும் இருக்கட்டும். அதே நேரத்துக்கு எழுந்து, அதே உடையைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அனுமதியோடு ஓடுகிறவர்கள்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஓடும் பெண்கள் பலருக்கு அந்த ஒரு மணி நேரம் போராடி வாங்கியது. காலை ஐந்து மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போவது, அரைக்கால் உடை, தெருநாய், இருட்டு, பால் காய்ச்சுவது யார், பிள்ளையைக் கிளப்புவது யார் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டில் பதில் சொல்லித்தான் அவர்கள் சாலைக்கு வந்திருக்கிறார்கள். கணவர் ஓடிக் கால் வலி என்று வந்தால் சூடாக ஒத்தடம் கிடைக்கும். மனைவி அப்படி வந்தால், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பது முதல் வார்த்தையாக வரும். அடிபட்ட கால், ஓடுவது தப்பு என்பதற்குச் சாட்சியாகிவிடுகிறது. மூன்று மாதம் வீட்டிலிருந்து, அந்த மூன்று மாதமும் காலைக் காப்பியைத் தன் கையால் போட்டுப் பழக்கிவிட்டால், நான்காவது மாதம் வெளியே போவதற்கு மறுபடி ஒரு போராட்டம் வேண்டும். எலும்பு ஆறியும் திரும்பி வராத பெண்கள் இப்படித்தான் காணாமல் போகிறார்கள். குழுவில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அடிபட்ட தோழியை வாரத்துக்கு ஒருநாள் வெறும் நடைக்காவது அழைத்துக்கொண்டு போகிறவர்கள், மருந்துச் சீட்டு செய்யாத ஒன்றைச் செய்கிறார்கள்.

பெண்களுக்கு உடம்பு தருகிற ஒரு முன்னெச்சரிக்கையும் உண்டு. பயிற்சி கூடும் காலத்தில் மாதவிலக்கு தள்ளிப்போவதோ நின்றுபோவதோ நடந்தால், உடம்புக்குப் போகும் சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். எலும்பு மெலியத் தொடங்குவது அப்போதுதான். ஆண்களுக்கும் சாப்பாட்டுக் குறைவால் எலும்பு கெடும். அவர்களுக்கு இப்படி வெளிப்படையான அறிகுறி இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-ல் இந்தச் சத்துப் பற்றாக்குறையை ஆண், பெண் இருவருக்கும் பொதுவான நோயாகவே வகைப்படுத்தி அறிக்கை வெளியிட்டது.

நம் ஓட்டக்காரர்களின் சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் காப்பியோடு இருபது கிலோமீட்டர் ஓடுவதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எடை குறைய வேண்டும் என்று ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டுவிடுகிறார்கள். சூரியன் கொளுத்தும் ஊர்தான், ஆனால் இருட்டில் ஓடிவிட்டுப் பகல் முழுக்க ஏ.சி. அறையில் இருப்பவர்களின் தோலில் வெயில் எங்கே படுகிறது? வைட்டமின் டி குறைவு இந்தியாவில் பரவலாக இருக்கிறது. எலும்பில் கீறல் விழுந்தால் அதைச் சோதித்துப் பார்ப்பது அவசியம். அடிபட்டதும் வீட்டில் ஆட்டுக்கால் சூப் கொதிக்கும், பிரண்டைத் துவையல் வரும். பிரண்டை எலும்பைக் கூட்டும் என்ற நம்பிக்கை பழையது, ஆய்வகங்களிலும் அதை ஆராய்ந்துவருகிறார்கள், சாப்பிடலாம். சூப்பில் நாம் நினைக்கிற அளவு கால்சியம் இறங்குவதில்லை. கேழ்வரகில் இருக்கிறது: 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். கூழோ களியோ ரொட்டியோ, தினமும் ஒருவேளை. அதோடு பருப்பு, முட்டை, மீன், தயிர் என்று புரதம் குறையாமல் இருக்கட்டும். ஓடவில்லையே, எதற்குச் சாப்பாடு என்று ஆறும் காலத்தில் வயிற்றைக் கட்டுவது எலும்பைப் பட்டினி போடுவது.

மற்றவர்களின் கதைகள்

அடிபட்டுக் கிடப்பவர்களிடம் எல்லோரும் வெற்றிக் கதை சொல்வார்கள். அதில் அதிகம் சொல்லப்படுவது ஜோன் பெனாய்ட்டின் கதை. 1984-ல் ஒலிம்பிக்குக்கான அமெரிக்க மாரத்தான் தேர்வுக்கு 17 நாள் முன்பு அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. தேர்வில் வென்றார். ஆகஸ்ட் 5 அன்று லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில், பெண்களுக்கென்று முதல்முறையாக நடந்த மாரத்தானில் தங்கமும் வாங்கினார். மகத்தான சாதனைதான். ஆனால் எலும்பு ஆறிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அது வழிகாட்டி அல்ல. அவருடைய மூட்டுக்குள் இருந்த ஓர் இடைஞ்சலை நீக்கியதும் கால் இயங்கியது. எலும்புக் கீறலை அப்படி யாரும் வெட்டி எடுத்துவிட முடியாது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நாள்காட்டியில் தேதி குறித்துக்கொள்கிறவர்கள், கெடுவதற்கும் சேர்த்தே தேதி குறிக்கிறார்கள்.

நம் பக்கத்துக் கதை ஒன்று எனக்கு அதைவிடப் பயனுள்ளதாகத் தெரிகிறது. தமிழகச் சுகாதாரத் துறை அமைச்சர் பொறுப்பு வகித்த மா.சுப்பிரமணியன் சாலை விபத்தில் முழங்கால் நொறுங்கியவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகுதான் ஓடவே தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்திருக்கிறார். விபத்துக்கும் அந்த ஓட்டங்களுக்கும் நடுவில் பல ஆண்டுகள் இருக்கின்றன. அவசரமில்லாத அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டிய பாகம்.

மூன்றாவதாக, நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ். 1974-ல் நார்வே மலையொன்றில் தனியாக ஏறிப்போனவர், எதிரே ஒரு காளையைக் கண்டு மிரண்டு ஓடி விழுந்தார். இடது தொடையின் தசைநார் அறுந்தது. லண்டன் மருத்துவமனையில் தைத்துச் சேர்த்த பிறகு அவருக்கு விசித்திரமான ஒன்று நேர்ந்தது: அந்தக் கால் தன்னுடையதாகவே தோன்றவில்லை. மருத்துவரிடம் சொன்னபோது அவர் காது கொடுக்கவில்லை. தாமே மருத்துவராக இருந்தும், நோயாளியின் வார்த்தைக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று சாக்ஸ் திகைத்துப்போனார். நடக்கப் பழகும்போது, கேட்டுக்கொண்டிருந்த மெண்டல்சனின் வயலின் இசை மனத்துக்குள் எழ, அந்தத் தாளத்தில் கால் திடீரென்று தன் நடையைக் கண்டுகொண்டது. இதையெல்லாம் வைத்து 1984-ல் ஒரு புத்தகமே எழுதினார். ஓட்டக்காரர்களுக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. ஆறிய காலை நம்புவதற்குத் தனியாக ஒரு காலம் தேவைப்படும். எலும்பு கூடிவிட்டது என்று ஸ்கேன் சொன்ன பிறகும், ஒவ்வொரு அடியிலும் அந்த இடத்தை மனம் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். அது கோழைத்தனம் இல்லை, மருத்துவரிடமும் பிசியோவிடமும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டிய விஷயம்.

குழுவின் வாட்ஸ்அப்பை என்ன செய்வது என்பது எல்லோருக்கும் வரும் சிக்கல். தினமும் காலை ஏழு மணிக்கு வியர்த்த முகங்களின் படமும், ஓடிய தூரத்தைப் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலியின் கணக்கும் வந்து விழும். பார்க்கப் பொறுக்கவில்லை என்றால் சில வாரம் மௌனமாக்கி வைக்கலாம். ஆனால் வெளியேறிவிட வேண்டாம். அதைவிட நல்ல வழி, போட்டி நாளில் தண்ணீர் மேசைக்குப் பெயர் கொடுப்பது. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானானாலும் குழு நடத்தும் சாதாரண ஞாயிற்று ஓட்டமானாலும், தண்ணீரும் ஆரஞ்சுச் சுளையும் கடலை மிட்டாயும் உப்பும் நீட்டுவதற்கு ஆட்கள் எப்போதும் போதாது. முப்பதாவது கிலோமீட்டரில் எதை நீட்ட வேண்டும், என்ன சொல்ல வேண்டும், யாரை நிறுத்தி உட்காரவைக்க வேண்டும் என்பது ஓடித் தெரிந்தவருக்குத்தான் பிடிபடும்.

திரும்புதல்

நொண்டாமல், மறுநாள் வலிக்காமல், முக்கால் மணி நேரம் விறுவிறுப்பாக நடக்க முடிந்த பிறகுதான் ஓட்டத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டும். பிசியோக்கள் பொதுவாகத் தருவது நடையும் ஓட்டமும் மாறிமாறி வரும் அட்டவணை. நான்கு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓட்டம். இப்படி அரைமணி நேரம். அடுத்த நாள் ஓட்டம் கிடையாது. இரண்டு மூன்று முறை வலியில்லாமல் போனால் ஓட்டத்தில் ஒரு நிமிடம் கூட்டி, நடையில் ஒரு நிமிடம் குறைப்பார்கள். பழைய வலி அதே இடத்தில் தலைகாட்டினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஏமாற்றுவது மூச்சுதான். நீச்சல் குளத்தில் காப்பாற்றி வைத்த இதயமும் நுரையீரலும் இரண்டே வாரத்தில் பழைய வேகத்துக்குத் தயார் என்று சொல்லும். எலும்பு அதற்குள் தயாராகியிருக்காது. ஒருமுறை கீறல் விழுந்தவருக்கு மறுபடி விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த உண்மை. அதனால் தூரத்தைக் கூட்டுவதற்கு முன் முதல் கீறலுக்குக் காரணம் என்ன என்று கண்டுபிடித்திருக்க வேண்டும். தூரம் திடீரென்று கூடியதா, தூக்கம் ஐந்து மணி நேரத்துக்குள் சுருங்கியதா, தட்டில் சோறு குறைந்ததா, தேய்ந்த ஷூவா? பெரும்பாலும் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்.

ஒரு நிமிடம் ஓடி நான்கு நிமிடம் நடக்கிறவருக்குப் பழைய கூட்டாளிகளோடு போக முடியாது. அவர்கள் நமக்காக வேகத்தைக் குறைத்தாலும், அவர்கள் மூச்சைக் கேட்டே நம் கால் எட்டிப்போடும். ஆனால் பெரிய குழுக்களில், ஓட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கென்று தனி அணி இருக்கும். அவர்களும் இதே அட்டவணையில்தான் தொடங்குகிறார்கள். முதல் நிமிடத்திலேயே மூச்சு வாங்கி, இது நமக்கு ஒத்துவருமா என்ற சந்தேகத்தோடு நிற்பார்கள். அவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். வேகமாக ஓடத் தெரிந்தும் மெதுவாக ஓடுகிற ஒருவர் பக்கத்தில் இருப்பது அவர்களுக்கும் தேவை.